ஐரோப்பிய அளவுகோலும் தமிழ்ப்பள்ளி ஆங்கிலமும்

மலேசியாவின் கிள்ளானைச் சேர்ந்த ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அறிக்கையில் ஆங்கிலத்துக்கு ‘அடைவுநிலை 4’ என்று போட்டிருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியரோ, ‘ஆறாம் ஆண்டு முடிவதற்குள் ஏ2 வந்துவிட வேண்டும், இது ஐரோப்பிய சி.இ.எஃப்.ஆர். தரம்’ என்றாராம். ‘4 என்கிறார்கள், ஏ2 என்கிறார்கள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஐரோப்பாவில் யாருக்கோ செய்ததை நம் பிள்ளைகள்மேல் ஏன் வைத்து அளக்க வேண்டும்? இத்தனை ஆண்டுகளில் இதனால் ஆங்கிலம் வளர்ந்ததா?’ என்பது அவர் கேள்வி. கேள்விகள் மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். வெளியில் உருவான ஒரு சட்டகத்தைக் கொண்டுவந்து ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களைத் திருத்த முடியுமா, முடியுமென்றால் அதில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு என்ன இடம் என்பதைத்தான் அவர் கேட்கிறார். நான் பேராக்கில் ஆங்கில ஆசிரியராகவும் பின்னர் ஆசிரியர் பயிற்றுநராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். தொடக்கப்பள்ளிதான் என் களம். இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம் பற்றி நான் சொல்வதை வெளியிலிருந்து பார்த்தவன் பேச்சாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறிய முடிச்சை முதலில் அவிழ்த்துவிடுகிறேன். அடைவுநிலை, சி.இ.எஃப்.ஆர். இரண்டிலும் ஆறு படிகள் இருப்பதால் வந்த குழப்பம் இது. சி.இ.எஃப்.ஆர். என்பது மொழித் தேர்ச்சியை விவரிக்க ஐரோப்பாவில் உருவான பொதுச் சட்டகம். அதன் படிகள் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஒரு மொழியின் முதல் சில சொற்களைக் கற்கும் நிலையிலிருந்து அதை நுட்பமாகக் கையாளும் நிலை வரையுள்ள மொத்தப் பாதையையும் அவை ஆறாகப் பிரிக்கின்றன. வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலையோ, அந்தந்த ஆண்டுக்குக் கலைத்திட்டம் எதிர்பார்ப்பதைப் பிள்ளை எவ்வளவு எட்டியிருக்கிறாள் என்பதை மட்டும் சொல்கிறது. 3 என்றால் எதிர்பார்த்ததை எட்டிவிட்டாள், 4 என்றால் அதற்குச் சற்று மேலே போயிருக்கிறாள். ஆகவே உங்கள் மகளின் 4 நல்ல செய்திதான். ஆனால் அது பி2 ஆகாது. ‘என் மகனுக்கு 6, ஐரோப்பிய உச்சம்’ என்று ஆசிரியர் அறைக்கு இனிப்பு கொண்டுவந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். இனிப்பை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

இனி அந்தச் சட்டகம். இதை உருவாக்கியது ஐரோப்பிய ஒன்றியம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஸ்ட்ராஸ்பூர்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐரோப்பிய மன்றம் என்ற வேறோர் அமைப்பின் வேலை இது. 1991-இல் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிக்கோனில் நடந்த கருத்தரங்கில் உருப்பெற்ற யோசனை, 2001-இல் நூலாக வெளிவந்தது. பாரிசில் ஸ்பானியம் படித்தவரின் தேர்ச்சியை ஸ்டாக்ஹோமில் இருக்கும் முதலாளி எப்படிப் புரிந்துகொள்வது என்பது அவர்களுடைய சிக்கல். அதற்காகத்தான் ‘இந்த நிலையில் இருப்பவர் மொழியால் என்ன செய்யக்கூடியவர்’ என்ற வகையில் விவரிப்புகளை எழுதினார்கள். எடுத்துக்காட்டாக, ஏ2-இல் இருப்பவர் தன் குடும்பம், கடை, வேலை, அருகிலுள்ள இடங்கள் போன்ற அன்றாட விஷயங்களைப் பற்றி எளிய வாக்கியங்களில் பரிமாறிக்கொள்வார். பி1-இல் இருப்பவர் பயணத்தில் நேரும் பெரும்பாலான சூழல்களைச் சமாளிப்பார், ஒரு கருத்தைச் சொல்லி அதற்குக் காரணமும் தருவார். இதில் பாடத்திட்டம் இல்லை, பாடநூல் இல்லை, தேர்வும் இல்லை. ஆசிரியர் எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை என்று அந்நூலே தொடக்கத்தில் அறிவித்துவிடுகிறது. மலேசியாவில் இதை வாசித்தவர்களைவிட இதன்மேல் சத்தியம் செய்தவர்கள் அதிகம்.

இன்னொன்றும் உறுதி. 2001 நூலின் விவரிப்புகள் பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஏழு வயதுப் பிள்ளை விடுதியில் அறை பதிவு செய்வதில்லை, வேலைக்கு விண்ணப்பம் எழுதுவதும் இல்லை. ஏ1-க்கும் முந்தைய ஒரு நிலை, பின்னர் வந்த துணைத்தொகுதியில் முறையாகச் சேர்க்கப்பட்டு, அத்தொகுதி 2020-இல் இறுதி வடிவம் பெற்றது. நாம் இதைத் தொடக்கப்பள்ளிக்குள் கொண்டுவந்த 2018-இல், முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எந்தப் படி என்ற கேள்விக்கு அசல் நூலில் நேரடி விடை கிடையாது. உள்ளூரில்தான் ஏ1, ஏ2 ஆகியவற்றைத் தாழ்நிலை, நடுநிலை, உயர்நிலை என்று மேலும் துண்டாடிக் கொண்டார்கள். இந்தத் துண்டுகளுக்கு ஐரோப்பிய முத்திரை இல்லை. அது குற்றமும் அல்ல. ஆனால் ‘அனைத்துலகத் தரம்’ என்று சொல்லும்போது அதில் எவ்வளவு நம்முடைய மதிப்பீடு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இந்தச் சட்டகத்தை மலேசியா ஏன் எடுத்தது என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. வெளியிலிருந்து அளவுகோல் வாங்குவது மலேசியாவுக்குப் புதிதல்ல. நம் தாத்தாக்கள் எழுதிய சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வின் தாள் இங்கிலாந்துக்குப் போய்த்தான் திருத்தப்பட்டது. 2003-இல் மகாதீர் ஆட்சியில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. பி.பி.எஸ்.எம்.ஐ. என்று எல்லாருக்கும் தெரிந்த திட்டம் அது. தமிழ்ப்பள்ளிகளும் அதில் இருந்தன. 2009-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்து, 2012 முதல் படிப்படியாக மாற்றினார்கள். ‘மலாய் மொழியை மேன்மைப்படுத்துவோம், ஆங்கிலத்தை வலுப்படுத்துவோம்’ என்ற கொள்கை அதன் இடத்துக்கு வந்தது. வலுப்படுத்துவது என்றால் எவ்வளவு, எதை வைத்து அளப்பது என்ற கேள்விக்கு விடை தேடியபோதுதான் சி.இ.எஃப்.ஆர். உள்ளே வந்தது. 2012-இல் ஆங்கில ஆசிரியர்களுக்கு நடத்திய சோதனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்பார்த்த தேர்ச்சியைத் தொடவில்லை என்று அரசே அறிவித்தது. அந்த வாரத்தில் ஆசிரியர் அறைகளில் இருந்த அமைதியை நான் மறக்கவில்லை. 2013-இல் கேம்பிரிட்ஜ் நிறுவனம் மாணவர்களையும் ஆசிரியர்களையும் அளந்து அடிப்படை ஆய்வு ஒன்றைத் தந்தது. பேச்சுத் திறனே மாணவர்களின் பலவீனம் என்றும், நகரப் பள்ளிகளுக்கும் கிராமப்புறப் பள்ளிகளுக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கிறது என்றும் அது காட்டியது. அதே ஆண்டில் அமைந்த ஆங்கில மொழித் தர மன்றம், 2015 முதல் 2025 வரைக்குமான வழிகாட்டித் திட்டத்தை வரைந்தது. பாலர்பள்ளி முடிவில் ஏ1, தொடக்கப்பள்ளி முடிவில் ஏ2, இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் வகுப்பான படிவம் ஐந்தில் பி1 அல்லது பி2, பல்கலைக்கழக நுழைவுக்கு முந்தைய கட்டத்தில் பி2, பட்டதாரிக்கு பி2 அல்லது சி1, ஆங்கில ஆசிரியருக்குக் குறைந்தது சி1. உங்கள் மகளின் ஆசிரியர் சொன்ன ஏ2 இங்கிருந்துதான் வருகிறது.

இதில் நடந்த நல்லதை முதலில் சொல்வதே நியாயம். பாலர்பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரே கோட்டில் ஆங்கிலத்தைப் பார்த்தது இந்நாட்டில் இதுவே முதல்முறை. அதற்கு முன் தொடக்கப்பள்ளிக்காரர்கள் ஒன்றைக் கற்பிப்பார்கள், படிவம் ஒன்று ஆசிரியர் ‘இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று மறுபடியும் அ-விலிருந்து தொடங்குவார், பல்கலைக்கழக விரிவுரையாளர் இருவரையும் திட்டுவார். ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யு.பி.எஸ்.ஆரில் வாங்கும் ‘ஏ’ என்பது பிள்ளையால் ஆங்கிலத்தில் என்ன செய்ய முடியும் என்பதைச் சொல்லவில்லை, அந்த ஆண்டுத் தாளை மற்றவர்களைவிட நன்றாக எழுதினாள் என்பதை மட்டுமே சொன்னது. ‘தன் பள்ளியைப் பற்றி நான்கு வாக்கியம் தடையின்றிப் பேசுவாள்’ என்ற விவரிப்பு ஒரு தாய்க்கும் புரியும், ஆசிரியருக்கும் புரியும். தேர்வு மாறியது இன்னும் பெரிய காரியம். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில், 2021-ஆம் ஆண்டுத் தேர்வு முதல் ஆங்கிலத்தில் வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் ஆகிய நான்கும் தனித்தாள்கள், நான்குக்கும் ஒரே எடை. தேர்வில் இல்லாத எதையும் நம் பள்ளிகள் கற்பிக்காது என்பது கசப்பான உண்மை. ஆகவே பேச்சைத் தேர்வுக்குள் கொண்டுவந்தது எத்தனையோ பட்டறைகள் செய்யாத வேலையைச் செய்தது. ‘வாயைத் திறக்காதே’ என்பதே ஒழுங்காக இருந்த வகுப்பில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து பேசச் சொல்லும் நிலைமை வந்ததே, அதற்காக மட்டும் நான் இந்தச் சட்டகத்துக்கு நன்றி சொல்வேன்.

பாடநூல் விஷயத்தில் எனக்கு அந்த நன்றி இல்லை. 2018-இல் முதலாம், இரண்டாம் ஆண்டுகளுக்கு ‘சூப்பர் மைண்ட்ஸ்’, படிவம் ஒன்று, இரண்டுக்கு ‘பல்ஸ் 2’ என்று வெளிநாட்டுப் பதிப்பகங்களின் நூல்கள் அரசுச் செலவில் வந்து இறங்கின. சி.இ.எஃப்.ஆர். அடிப்படையில் நூல் எழுத உள்ளூரில் இன்னும் ஆள் தயாராகவில்லை என்பது கல்வி அமைச்சின் வாதம். அச்சும் ஓவியமும் அழகுதான், பாடங்களின் ஏறுவரிசையும் ஒழுங்குதான், மறுக்கவில்லை. ஆனால் ‘சூப்பர் மைண்ட்ஸ்’ நூலில் பழைய வீடு பற்றிய ஒரு பாடம் வரும். அதில் மாடிப்படி, கூடம், நிலவறை என்று அறைகளின் பெயர்களைப் பிள்ளை கற்க வேண்டும். நிலவறையை நம் பிள்ளை எங்கே பார்ப்பாள்? தோட்டப்புறத்து வரிசை வீடான லயத்திலா, கிள்ளான் அடுக்குமாடியிலா? ஒரு சொல்லைக் கற்க அதற்கு முன் ஒரு நாட்டைக் கற்க வேண்டியதாகிவிட்டது. நகரத்தில் மலாய்வழித் தேசியப் பள்ளியில், வீட்டில் ஆங்கிலக் கார்ட்டூன் பார்க்கும் பிள்ளைக்கு இது தடையாக இருக்காது. கோலசிலாங்கூர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டப் பள்ளியில் இது முதல் நாளே சுவராக நிற்கிறது.

சட்டகம் இதைக் கேட்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஏ1 என்பதற்கு நிலவறை தேவையில்லை, தன் வீட்டைப் பற்றிச் சொல்லத் தெரிந்தால் போதும். அது வீட்டு முன்நடையான அஞ்சடியாக இருக்கலாம், சமையற்கட்டாக இருக்கலாம், சாமி மேடையாக இருக்கலாம். அளவுகோலை இறக்குமதி செய்வதும் உள்ளடக்கத்தை இறக்குமதி செய்வதும் வெவ்வேறு முடிவுகள். நாம் இரண்டையும் ஒரே கப்பலில் ஏற்றினோம். இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடிப்படை ஆய்வைச் செய்த கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனமும் ‘சூப்பர் மைண்ட்ஸ்’ பதிப்பித்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகமும் ஒரே பல்கலைக்கழகத்தின் பகுதிகள். 2021-இல் இரண்டும் ஒரே அமைப்பாகவே இணைந்துவிட்டன. முறைகேடு என்று நான் சொல்லவரவில்லை, அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நோயைக் கணிப்பவரும் மருந்து விற்பவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, வாங்கும் நாடு இரண்டாவது கருத்து ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

ஆசிரியர் பயிற்சி வேறு கதை. முதன்மைப் பயிற்றுநர்கள் மேலிடத்தில் சில நாள் பயிற்சி பெறுவார்கள், அவர்கள் மாவட்டத்துக்கு வந்து பள்ளிக்கு ஓர் ஆசிரியருக்குச் சொல்வார்கள், அவர் பள்ளிக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கை மாறும்போதெல்லாம் பாலில் தண்ணீர் சேர்ந்தது. மேலே ‘மாணவர் மொழியால் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள்’ என்று தொடங்கிய செய்தி, கடைசி ஆசிரியரிடம் வரும்போது ‘இந்தத் தாளை நிரப்புங்கள்’ என்று வந்து சேர்ந்தது. ஆசிரியரின் சொந்தத் தேர்ச்சியை அளந்ததிலும் இதேபோல் நன்மையும் தீமையும் கலந்தே இருந்தன. சி1 வேண்டும் என்ற விதி, ஆங்கிலம் சரியாகத் தெரியாமலே ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த நிலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அது தேவைதான். ஆனால் சி1 பெற்றவர் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்கத் தெரிந்தவர் என்று சொல்லிவிட முடியாது. பி2-இல் இருந்துகொண்டு பிள்ளைகளைக் கதை சொல்ல வைத்த ஆசிரியைகளை நான் அறிவேன். சி1 வாங்கிய கையோடு வகுப்பில் மலாயில் மொழிபெயர்த்தே ஆண்டு முழுதும் ஓட்டியவர்களையும் அறிவேன். சோதனைக்கு இருவரில் ஒருவர்தான் தேர்ந்தவர்.

இப்போது தமிழ்ப்பள்ளிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. 2011-இல் வந்த தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தின் முதல் கட்டத்தில் தேசியப் பள்ளிக்கு வாரம் 300 நிமிடம் ஆங்கிலம், தமிழ்ப்பள்ளிக்கும் சீனப்பள்ளிக்கும் 150 நிமிடம். பின்னர் ஏற்ற இறக்கம் இருந்தாலும் நம் பங்கு தேசியப் பள்ளியைவிடக் குறைவாகவே தொடர்ந்தது. காரணம் எளிது. நம் பிள்ளைக்குத் தமிழும் வேண்டும், மலாயும் வேண்டும், ஆங்கிலமும் வேண்டும், நாளுக்கு மணி நேரம் என்னவோ அதேதான். நேரம் குறைவாக இருக்க, ஆறாம் ஆண்டின் இலக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே ஏ2. இதைத் தமிழ்ப்பள்ளிக்கு எதிரான சதி என்று பேசுவோர் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. மேசையில் உட்கார்ந்து இலக்கு எழுதியவர்கள் தேசியப் பள்ளியை மட்டும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் அவர்கள் கண்ணில் படவில்லை. விளைவு என்னவோ ஒன்றுதான்.

‘பாதி நேரத்தில் ஏ2 முடியவே முடியாது’ என்ற வாதமும் அப்படியே நிற்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏ2-க்கு வழிநடத்தலுடன் கூடிய 180 முதல் 200 மணி நேரமும், பி1-க்கு 350 முதல் 400 மணி நேரமும், பி2-க்கு 500 முதல் 600 மணி நேரமும் ஆகும் என்று கேம்பிரிட்ஜ் ஒரு மதிப்பீடு தருகிறது. வாரம் 150 நிமிடம், ஆண்டுக்கு 32 வாரம் என்று வைத்தால் ஆறு ஆண்டில் 480 மணி நேரம் வருகிறது. கணக்குப்படி நம் பிள்ளை ஏ2-ஐத் தாண்டி பி1-ஐயும் தாண்டியிருக்க வேண்டும்! அந்த அட்டவணை தானே விரும்பி, சிறு குழுவில் படிக்கும் பெரியவர்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். வயது, முந்தைய மொழி அனுபவம், பாடத்தின் தீவிரம் எல்லாம் இதை மாற்றும் என்று கேம்பிரிட்ஜே சொல்கிறது. மூன்று மொழிகளின் எழுத்துக்கூட்டலை ஒரே நேரத்தில் கற்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு, முப்பது பேர் கொண்ட வகுப்பில், ஒரு மணி நேரத்தில் அவள் வாய் திறப்பது சில விநாடி. ஆகவே நேரம் ஒரு காரணம் என்பது உறுதி. நேரத்தை இரட்டிப்பாக்கினால் மட்டும் எல்லாம் சரியாகும் என்பது சந்தேகம். கிடைக்கும் நிமிடங்களில் பிள்ளை எவ்வளவு பேசுகிறாள் என்பதே முக்கியம் என்று நான் நினைக்கிறேன். வகுப்பறைகளின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று இதற்குள் இருக்கிறது. சி.இ.எஃப்.ஆர். நூலின் மையக் கருத்து ஏ1, பி2 என்ற படிகள் அல்ல. ஒரு மனிதருக்குள் இருக்கும் மொழிகள் தனித்தனி அறைகளில் பூட்டிக் கிடப்பதில்லை, ஒன்றுக்கொன்று உதவும், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு அளவில் தேர்ச்சி இருப்பது இயல்பு என்ற பன்மொழித்திறன் கருத்துதான் அதன் உயிர். ஐரோப்பாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்து உண்டாக்க வேண்டிய நிலை அது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கோ அது பிறப்பிலேயே வந்த நிலை. பாட்டியிடம் தமிழ், கடையில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம், சில நேரம் ஒரே வாக்கியத்தில் மூன்றும். அந்நூல் கனவு கண்ட மாணவி கிள்ளானில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். ஆனால் நாம் படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தக் கருத்தை விட்டுவிட்டோம். சட்டகம் ஆங்கிலப் பாடத்துக்குள் மட்டும் பூட்டப்பட்டது. தமிழில் ஒரு நிகழ்ச்சியை வரிசையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் திறன் ஆங்கிலத்தில் எழுதும்போது கைகொடுக்கும். அந்தப் பாலத்தைக் கட்டும்படி நான் பார்த்த எந்தக் கலைத்திட்ட ஆவணமும் ஆங்கில ஆசிரியரிடம் சொல்லவில்லை. பல பள்ளிகளில் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்று உண்டியல்கூட வைத்திருந்தார்கள். சி.இ.எஃப்.ஆர். பெயரால் நடந்த இந்தக் கூத்து அந்நூலுக்கு நேர் எதிரானது.

சரி, ஆங்கிலம் வளர்ந்ததா? உங்கள் கேள்வியின் இந்தப் பகுதிக்கு ஒற்றைச் சொல் பதிலை யாராவது தந்தால் நம்பாதீர்கள். 2018-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்து இந்தக் கலைத்திட்டத்தை முழுவதும் பயிலும் குழு, படிவம் ஒன்றுக்கு முந்தைய ஓராண்டுப் புகுமுக வகுப்பில் உட்காராமல் போனால், 2028-இல்தான் எஸ்.பி.எம். எழுதும். வழிகாட்டித் திட்டத்தின் கெடுவோ 2025. பத்தாண்டுத் திட்டத்துக்கு விளைச்சல் பார்க்கப் பதின்மூன்று ஆண்டு தேவைப்படுகிறது. முதல் புதிய எஸ்.பி.எம். எழுதியவர்கள் 2018-இல் படிவம் இரண்டில் இருந்தவர்கள். அவர்கள் தொடக்கப்பள்ளியில் படித்தது பழைய முறை. நடுவில் 2020-இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியது, 2021-இல் யு.பி.எஸ்.ஆர். ஒழிந்தது, அடுத்த ஆண்டு படிவம் மூன்றின் தேர்வும் ஒழிந்தது. தேர்வுகளை நீக்கியது சரியா என்பது தனி விவாதம். ஆனால் நீக்கியதால், பிள்ளைகள் ஏ2 தொட்டார்களா என்று நாடு முழுதும் ஒரே கையால் அளக்கும் வாய்ப்பும் போய்விட்டது. இப்போது தொடக்கப்பள்ளி முடிவில் கையில் முக்கியமாக இருப்பது ஒவ்வோர் ஆசிரியரும் தன் கண்ணளவில் போட்ட அடைவுநிலை. ஒரு பள்ளியின் 4 அடுத்த பள்ளியின் 3 ஆகலாம்.

சிலர், பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பீசா சோதனையின் முடிவைக் காட்டுவார்கள். மலேசியாவின் வாசிப்பு மதிப்பெண் 2018-இல் 415, 2022-இல் 388. இறக்கம் உண்மை, கவலைக்குரியதும்கூட. ஆனால் அது ஆங்கிலத் தேர்ச்சியை அளக்கும் சோதனை அல்ல. கணிதமும் 440-லிருந்து 409-க்கு இறங்கியது. இடையில் பெருந்தொற்று வந்ததை மறந்துவிட்டு இதை சி.இ.எஃப்.ஆர். தலையில் கட்டுவது அநியாயம். இணையத்தில் தாமாக முன்வந்து சோதனை எழுதுவோரை வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் நாம் ஆசியாவில் முன்னணியில் வருகிறோம் என்று மார்தட்டுவதும் அதே அளவு பொருளற்றது. எழுதுவோர் யார், நகரத்தாரா, எந்த வயதினர் என்று பார்த்தால் தோட்டப்புறப் பிள்ளை அந்தக் கணக்கில் இருக்கவே மாட்டாள்.

மற்ற நாடுகளைப் பார்த்தாலும் படம் இப்படித்தான். வியட்நாம் 2008-இல் அயல்மொழித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2020-க்குள் உயர்நிலைப்பள்ளி முடிப்போர் எல்லாம் பி1-க்கு இணையான நிலைக்கு வர வேண்டும் என்றது. இலக்கை எட்டப்போவதில்லை என்று 2016-இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். ஆனால் வியட்நாம் செய்த ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. சட்டகத்தை அப்படியே ஒட்டாமல் 2014-இல் ஆறு படிகள் கொண்ட தன் சொந்தச் சட்டகமாக எழுதிக்கொண்டது. ஜப்பான் பல்கலைக்கழக நுழைவுக்குத் தனியார் ஆங்கிலத் தேர்வுகளை சி.இ.எஃப்.ஆர். படிகளால் ஒப்பிட்டுப் பயன்படுத்தத் திட்டமிட்டது. கிராமத்துப் பிள்ளைக்கும் ஏழைக்கும் அது பாதகம் என்று எதிர்ப்பு கிளம்பவே, 2019 நவம்பரில், தொடங்கச் சில மாதங்களே இருந்த நிலையில் தள்ளிவைத்தது. தள்ளிவைக்கும் துணிச்சல் எல்லா அரசுக்கும் வாய்ப்பதில்லை.

ஆக என் முடிவைக் கேட்டால், அளவுகோலை வாங்கியது சரி, நூல்களை வாங்கியது தேவையற்றது, தமிழ்ப்பள்ளிக்கும் சீனப்பள்ளிக்கும் தனிப் பாதை வகுக்காமல் ஒரே இலக்கை எழுதியது தவறு. பாதை என்றால் இலக்கைக் குறைப்பது என்று பொருளல்ல. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆறாம் ஆண்டில் பேச்சிலும் கேட்டலிலும் ஏ2 தொடட்டும், எழுத்தில் படிவம் ஒன்று முடியும்வரை அவகாசம் கொடுங்கள் என்று நானும் சில நண்பர்களும் பயிற்சிக் கூட்டங்களில் சொல்லிப் பார்த்தோம். ஒருவருக்கே திறனுக்குத் திறன் படி வேறுபடலாம் என்று சி.இ.எஃப்.ஆர். வெளிப்படையாக அனுமதிக்கிறது. குறிப்பெடுத்துக்கொண்டார்கள். 2027 முதல் புதிய கலைத்திட்டம் வரவிருப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. அந்தக் குறிப்பு அங்கேயாவது எட்டுமா என்று பார்க்கலாம்.

உங்கள் மகளுக்கு இப்போது செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அடுத்த கூட்டத்தில் ‘ஏ2 வருமா’ என்று கேட்காதீர்கள். ஆசிரியர் பாவம், ‘வரும்’ என்றுதான் சொல்ல முடியும். வாரத்தில் ஆங்கிலப் பாடவேளை எத்தனை உண்மையில் நடக்கிறது, விளையாட்டுப் போட்டி, ஒத்திகை என்று எத்தனை போகிறது என்று கேளுங்கள். அந்த 4 எந்தத் திறனுக்கு, பேச்சுக்கா எழுத்துக்கா, நான்குக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். வீட்டில், நேற்று பள்ளியில் நடந்த ஒன்றை ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். இலக்கணப் பிழையை அப்போதே திருத்த வேண்டாம். ‘பிறகு’, ‘ஏனென்றால்’ என்று வாக்கியங்களை இணைத்து ஐந்தாறு வாக்கியம் சொல்கிறாள், நீங்கள் இடையில் கேட்ட கேள்விக்குப் பதில் தருகிறாள் என்றால் பேச்சில் ஏ2-க்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். ஒற்றைச் சொற்களில் நின்றால் முதலில் அதே கதையைத் தமிழில் முழுதாகச் சொல்ல வையுங்கள், மறுநாள் ஆங்கிலத்தில் கேளுங்கள். பயிற்சி நூல் வாங்கும் பணத்துக்கு, படங்கள் நிறைந்த எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வாங்குங்கள், அல்லது கிள்ளான் நூலகத்தில் இரவல் எடுங்கள். படிவம் ஒன்றுக்குப் போகும்போது பெரும்பாலான பாடங்கள் மலாயில் நடக்கும், ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டுமே இருக்கும். எனவே படிக்கும் பழக்கத்தை இந்த ஓராண்டுக்குள் ஏற்படுத்திவிடுவது நல்லது.